உயரம் இரண்டரை, வளைவு ஏழு

கேள்வி: ராசிபுரம் பக்கம் எங்களுக்குத் தோட்டத்து வீடு. 12 வயது மகள் ஸ்கேட்போர்டு பழகுகிறாள். வீட்டுக்குப் பின்னால் 30 அடிக்கு 12 அடி இடம் கிடக்கிறது. ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் 4 அடி உயர ராம்ப் செய்து தருவதாகச் சொல்கிறார். செய்யச் சொல்லலாமா ஐயா?

பதில்: பிளைவுட் வேண்டாம் அம்மா. கூரைக்குள் என்றால் நானும் மரத்தைத்தான் சொல்வேன். வெட்டவெளியில், நம் மண்ணில், கரையான் விடாது. சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறிப் பட்டால் பலகை உப்பி ஒட்டு விட்டுவிடும். மேலே இரும்புத் தகடு அடித்தால் பகலில் கை வைக்க முடியாது. செங்கல்லும் கான்கிரீட்டும்தான் சரி. மத்தியப் பிரதேசத்தில் பன்னா அருகே ஜன்வார் கிராமத்தில் 2015-இல் பிள்ளைகளுக்காகக் கட்டியதும் கான்கிரீட் தளமே. பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் என்பது அங்கே விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி.

உயரமும் 4 அடி வேண்டாம், இரண்டரை அடி போதும். பயத்தைத் தருவதும் போக்குவதும் வளைவுதான். 7 அடி ஆரத்தில் வளைத்தால் ஒரு பக்கச் சரிவு தரையில் சுமார் 5 அடி 4 அங்குலம் பிடிக்கும். எதிரெதிராக இரண்டு சரிவு, நடுவில் 9 அடி சமதளம், இரு முனையிலும் நிற்க 3 அடி மேடை: மொத்தம் 26 அடிக்குள் அடங்கிவிடும். அகலம் 8 அடி வையுங்கள்.

ஆசாரிக்கும் வேலை இருக்கிறது. 7 அடிச் சட்டத்தின் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் பென்சில் வைத்து வளைவை வரைந்து, பலகையில் அச்சு வெட்டித் தரட்டும். கயிறு வேண்டாம், இழுபடும். கொத்தனார் அந்த அச்சை வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியையும் தேய்க்க வேண்டும். கண்மட்டத்தில் தேய்த்த வளைவில் சக்கரம் தட்டும், பிள்ளை விழும்.

பக்கச்சுவர்களுக்கு நடுவே கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிறகு மண் இறங்கி மேலே வெடிப்பு விழும். அதன்மேல் 8 எம்.எம். கம்பி வலை, 4 அங்குலக் கான்கிரீட். கலவை கெட்டியாக இருக்கட்டும். தண்ணீர் கூடினால் சரிவில் வழிந்துவிடும். விடியற்காலையில் போட்டு, ஈரச்சாக்கு மூடிப் பத்து நாளாவது காயாமல் பாருங்கள். சமதளத்தில் ஒரு பக்கமாக ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்தால் மழைநீர் தேங்காது.

மேல் விளிம்புக்கு 2 இஞ்ச் இரும்புப் பைப். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு அது அரைமணி வேலை. கான்கிரீட்டைவிடக் கால் அங்குலம் மட்டும் துருத்தி நிற்கட்டும்.

மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டி வளர்ந்த கமலி மூர்த்தியைப் பற்றி 2019-இல் வந்த ‘கமலி’ ஆவணப்படத்தை மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். மேலிருந்து இறங்க அவசரம் வேண்டாம். நடுத்தளத்திலிருந்து முன்னும் பின்னும் ஆடி ஏறிப் பழகட்டும். விழும்போது கையை ஊன்றாமல், கவசத்தோடு முழங்காலில் சறுக்கி இறங்கவும் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.