புகையை விட்ட முதல் மூன்று நாட்கள்

சுகவாழ்வுப் பாடம்



"நான் பீடி, சிகரெட்டைத் தொடுவதே இல்லை. இந்தப் பாடம் எனக்கெதற்கு?" என்று உங்களில் பலர் கேட்கலாம். ஆனால் புகைப்பவரின் மனைவியாக, மகனாக, தம்பியாக, அடுத்த வீட்டுக்காரராக இருப்பவர்கள் நம்மில் அநேகர். 2016-17ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைத்தவர்கள் நூற்றுக்கு 10.7 பேர். அவர்களில் சிகரெட் புகைப்போரைவிட பீடி புகைப்போரே அதிகம்.

இவர்களில் பலர் விட்டுவிட வேண்டுமென்று உள்ளூர விரும்புகிறவர்கள். சிலர் பல தடவை விட்டும் பார்த்தவர்கள். மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தனியே விட முயல்வோரில், நூற்றுக்கு 3 முதல் 5 பேர் மட்டுமே நெடுநாள் நிலைத்திருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே அந்த முதல் நாட்களை எப்படிக் கடப்பது என்பதை அறிந்துகொள்வது புகைப்பவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் மிகவும் அவசியம்.

1. சரீரத்தில் நடப்பது என்ன?

புகையை இழுத்த சில வினாடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மூளை அடுத்த பீடியைக் கேட்கிறது. இரவு முழுவதும் புகைக்காதிருப்பதால்தான் காலையில் கண் விழித்ததும் கை தீப்பெட்டியைத் தேடுகிறது. இது வெறும் மன பலவீனம் அல்ல. ஆண்டுக்கணக்கில் நிக்கோட்டினுக்குப் பழகிய நரம்புகளின் கூக்குரல்.

பீடி, இலையில் சுற்றியதுதானே, அதனால் தீங்கு குறைவு என்று எண்ண வேண்டாம். அதிலும் நிக்கோட்டினும் நச்சு வாயுவும் சிகரெட்டுக்குக் குறையாமல் உண்டு.

புகையை நிறுத்தியதும் சரீரம் உடனே சீர்ப்படத் தொடங்குகிறது. 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு தணிகிறது. ஒரு நாளுக்குள் இரத்தத்திலிருந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இயல்பான அளவுக்கு இறங்கி, இரத்தம் பிராணவாயுவை நன்றாகச் சுமக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் நிக்கோட்டின் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடுகிறது. ஆனால் அதே நாட்களில்தான் வேதனையும் உச்சத்தை எட்டுகிறது. சரீரம் சுத்தமாகும் வேளையில் மனிதன், "முன்னைவிட மோசமாகிவிட்டேனே" என்று நினைக்கிறான். இதை முன்னரே அறிந்தவர் கலங்கமாட்டார்.

2. எந்த நாளில் எது வரும்?

முதல் நாள்: வழக்கமாகப் புகைக்கும் நேரங்களிலெல்லாம் ஆசை எழும். கை சும்மா இருக்காது. மனம் ஒன்றிலும் நிலைக்காது.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்: இவையே மிகக் கடினமானவை. எரிச்சல், சிடுசிடுப்பு, பதற்றம், தூக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு ஆகியவை வரக்கூடும். சாதாரண வார்த்தைக்கும் கோபம் வரும்.

நான்காம் நாள் முதல்: வேதனை மெல்லத் தணியும். பசி கூடும். சிலருக்கு மலச்சிக்கலும், சில நாட்கள் இருமலும் அதிகரிக்கலாம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலான தொந்தரவுகள் அடங்கிவிடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் ஆகியவை புகையை விட்டதால் வருபவை அல்ல. இவை கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் அவ்வாறே.

3. ஆயத்தம்

கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா? இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரே நாளில் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 49 பேரும் படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 பேரும் நிலைத்திருந்தனர். இரு சாராருக்கும் ஆலோசனையும் நிக்கோட்டின் மருந்தும் கிடைத்தன. ஆகவே ஒரு நாளைக் குறித்து, அன்று முழுமையாக நிறுத்துவதே மேல்.

அதற்கு முந்தின இரவே மீதமுள்ள பீடி, தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் யாவையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். சட்டைப் பையையும் வண்டிப் பெட்டியையும் மறக்க வேண்டாம். வீட்டாரிடமும் நம்பிக்கையான நண்பர் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

4. ஆசை எழும்போது

ஓர் ஆசை அலை பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். வாழ்நாள் முழுவதும் போராட வேண்டுமே என்று மலைக்காமல், இந்த ஐந்து நிமிடங்களைக் கடந்தால் போதும் என்று எண்ணுங்கள். அப்போது செய்ய வேண்டியவை நான்கு:

- தள்ளிப்போடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருங்கள்.
- ஆழமாக மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்யுங்கள்.
- ஒரு டம்ளர் தண்ணீரை வாய் வாயாகப் பருகுங்கள்.
- இடத்தை மாற்றுங்கள். நடங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

வாய் எதையாவது கேட்டால் சீரகம், ஏலக்காய், கிராம்பு, வெள்ளரித் துண்டு போதும். பாக்கு, பான், குட்கா, மூக்குப்பொடி ஆகியவற்றுக்கு மாற வேண்டாம். அது நரியிடமிருந்து தப்பி நாயிடம் அகப்படுவது போலாகும். வாய்ப்புற்றுநோய்க்கு அதுவே வழி.

5. டீயும் புகையும்

பலருக்கு டீயும் பீடியும் இரட்டைப் பிள்ளைகள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே கை பையைத் தேடும். முதல் வாரம் வீட்டிலேயே குடியுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. புகை, காபி டீயிலுள்ள கஃபீன் என்னும் பொருளைச் சரீரம் விரைவாக வெளியேற்றும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. பழைய அளவிலேயே காபி குடித்தால் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்காகும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். "பீடி இல்லாததால்தான் இப்படி" என்று அவர் தவறாக எண்ணுவார். எனவே காபி, டீயைப் பாதியாகக் குறையுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரையோ, மனநோய்க்கு மருந்தோ, சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ எடுப்பவர்கள் புகையை விடப்போவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

6. மருந்தின் உதவி

நிக்கோட்டின் சூயிங்கம் வேதனையைத் தணிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் நிக்கோட்டின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தின் உட்புறம் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியபின் மறுபடியும் மெல்லுங்கள். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபியும் குளிர்பானமும் தவிர்க்கவும். கண் விழித்த அரை மணிக்குள் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை 2016 முதல் இயங்குகிறது. இந்த எண் சிகரெட், பீடிப் பொட்டலங்களிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

7. வீட்டாருக்கும் சபையாருக்கும்

மூன்றாம் நாள் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினால், "இதற்குப் பேசாமல் பீடியே குடித்திருக்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அவர் பெட்டிக்கடைக்குப் போக. கடன், நிலத் தகராறு, பிள்ளையின் மதிப்பெண் ஆகியவற்றை அந்த வாரம் தள்ளி வையுங்கள். "இன்று எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேளுங்கள்.

சபையில் இருப்பவருக்கு இன்னொரு பாரமும் உண்டு. தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒளித்துப் புகைக்கிறார். ஒளித்தே விடவும் முயல்கிறார். விழும்போது கைதூக்க எவருமில்லை. நடுக்கமும் எரிச்சலும் அவருடைய விசுவாசக் குறைவினால் வருபவை அல்ல. குற்றப்படுத்தாமல் உடன் நடக்கும் ஒருவரே அவருக்குத் தேவை.

8. ஒன்றைப் புகைத்துவிட்டால்?

"ஒன்றுதானே" என்பதே பெரிய கண்ணி. முதல் இரண்டு வாரத்தில் ஓர் இழுப்பும் வேண்டாம். மீறி நடந்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று மறுபடியும் பெட்டி வாங்காதீர்கள். எங்கே, யாருடன், எந்த நேரத்தில் விழுந்தோம் என்று பார்த்து, அந்த மணியிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

இத்தனை பாடு எதற்கு? பிரிட்டனில் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியாயிற்று. 60 வயதில் புகையை விட்டவர் ஏறக்குறைய 3 ஆண்டுகளும், 50இல் விட்டவர் 6 ஆண்டுகளும், 40இல் விட்டவர் 9 ஆண்டுகளும், 30இல் விட்டவர் 10 ஆண்டுகளும் ஆயுளில் மீட்டுக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தியவருக்குச் சிக்கல்கள் குறைகின்றன. பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிச் செல்லும் ஆண்டுகள் அவை. அதற்கு விலை, மூன்று கடினமான நாட்களும் சில வாரப் பொறுமையும்.

கலந்து பேச:

1. நம் குடும்பத்தில் புகையை விட முயன்று தோற்றவர் எவராவது உண்டா? அப்போது நாம் அவரிடம் பேசிய வார்த்தைகள் எவை?
2. இரண்டாம், மூன்றாம் நாட்களில் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய மூன்று உதவிகள் எவை?
3. நம் சபையில் ஒருவர் வெட்கப்படாமல் உதவி கேட்க, நாம் எதை மாற்ற வேண்டும்?