பின்னிருக்கையும் ஆயுஷ்ய வினையும்

காரில் ஏறி அமர்ந்தவுடன் தோளின் மீதும் இடுப்பின் மீதும் பூட்டிக்கொள்ள வேண்டிய இருக்கைப் பட்டையைச் சிலர் ஏன் மறுக்கின்றனர்? அறியாமை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயின் மறுப்பவருள் பட்டதாரிகள் உளர், மருத்துவர்களும் உளர். மாணவன் ஒருவன் பிழையான விடை எழுதினால் அதனை அடித்துவிட்டுச் சரியான விடையை அருகில் எழுதிக்கொடுப்பதால் பயன் சிறிதே. எவ்வழியில் அவன் அவ்விடைக்கு வந்தான் என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். இங்கும் அம்முறையையே கைக்கொள்வோம்.

மறுப்புக்குக் கூறப்படும் காரணங்கள் பலவாயினும் பெரும்பாலானவை எளியவை. பட்டை கழுத்தில் உராய்கிறது, பட்டுப்புடவை கசங்குகிறது, வயிற்றை அழுத்துகிறது. பக்கத்து ஊருக்குத்தானே செல்கிறோம் என்பர் சிலர். வண்டி ஓட்டுபவர் நம் தம்பி மகன், அவர் முன் பட்டையைப் பூட்டினால் அவர் திறமையை ஐயுறுவது போலாகும் என்று கூச்சப்படுவோரும் உளர். விபத்தில் தீப்பற்றினாலோ வண்டி ஏரியில் விழுந்தாலோ வெளியேற இயலாது என்னும் அச்சமும் உண்டு. தீயும் நீரும் சேர்ந்த விபத்துகள் மிகச் சில. அவற்றிலும், மோதலில் மயங்கிக் கிடப்பவரைக் காட்டிலும் நினைவோடு இருப்பவரே கொக்கியைக் கழற்றி வெளியேற இயலும். அந்நினைவைக் காத்துத் தருவது பட்டையே. காற்றுப்பை இருக்கிறதே என்பார்க்கும் ஒரு சொல்: காற்றுப்பை பட்டைக்குத் துணையாக அமைக்கப்பட்டது, பட்டை அணியாதவர் முன்னோக்கிப் பாய்ந்து, விரிந்துகொண்டிருக்கும் பையின் மீதே மோதிக் காயமுறக்கூடும்.

இவற்றின் அடியில் வேகத்தைப் பற்றிய ஒரு மயக்கம் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது இன்று நமக்கு நடை போலத் தோன்றுகிறது. அவ்வேகத்தில் செல்லும் கார் ஒரு புளியமரத்தில் மோதி நின்றால், உள்ளிருப்பவர்க்கு அது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பாகும். பள்ளியில் படித்த வீழ்ச்சிக் கணக்குதான். ஐயமுள்ளவர் வீட்டுப் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். நான்காம் மாடியின் விளிம்பில் கைப்பிடியின்றி அமர எவரும் இசையார். காரில் மட்டும் இசைகிறோம். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை.

இன்று நாம் காணும் மும்முனைப் பட்டையை 1959இல் சுவீடன் நாட்டின் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் வடிவமைத்தார். அதற்கு முன் அவர் போர் விமானங்களில் ஆபத்துக் காலத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளை அமைத்தவர். மனிதனை வெளியே எறிவதில் வல்லவர் ஒருவர் அவனை உள்ளே நிறுத்தும் கருவியைத் தந்தார்! தோள், மார்பு, இடுப்பெலும்பு ஆகிய வலிய பகுதிகளில் மோதலின் விசையைப் பகிர்ந்து இறக்குவதே இதன் சிறப்பு. பிற நிறுவனங்களும் இதனைப் பயன்படுத்திக்கொள்ள அந்நிறுவனம் இசைந்தது. 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதனைச் சட்டமாக்கியது. 1983இல் பிரிட்டனில் முன்னிருக்கைக்குக் கட்டாயமாயிற்று. அதற்கு முன் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தனிமனித உரிமையின் பேரால் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வளர்ந்தோர்க்கு இன்றும் அச்சட்டம் இல்லை.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பட்டை அணியாமைக்கு 1000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. தண்டம் பழக்கத்தைத் தருமோ எனில், ஓரளவே தரும். காவலர் நிற்கும் இடம் வந்ததும் பட்டையை மார்பின் குறுக்கே இழுத்துக் கையால் பிடித்துக்கொண்டு, கடந்ததும் விட்டுவிடுவோரைக் கண்டிருக்கிறோம். எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்கென்றே வெறும் கொக்கி ஒன்று சந்தையில் விற்கப்பட்டது. அதனை நீக்குமாறு 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு ஆணையிட நேர்ந்தது. உயிர் காக்கும் ஓசையை அடக்கக் காசு கொடுத்துப் பொருள் வாங்கும் மனத்தை என்னென்பது!

இனி, நம்மவரிடையே அடிக்கடி கேட்கும் காரணத்திற்கு வருவோம். மேல்சித்தாமூர்த் தேர்விழாவுக்கோ பொன்னூர் மலைக்கோ குடும்பத்தோடு செல்லும் காரில், பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இளையவர் சொன்னால், பின்னிருக்கையிலுள்ள பெரியவர், "ஆயுள் இருந்தால் பிழைப்போம், இல்லையென்றால் இந்த நாடாவா காப்பாற்றும்?" என்பார். சொல்பவர் நாள்தோறும் ஜினாலயம் செல்பவர், இரவுணவு நீக்கியவர். ஆதலின் அச்சொல் கேட்போர்க்குச் சமய உண்மை போலவே ஒலிக்கிறது. அது நம் சமயத்தின் உண்மைதானா என்று ஆராய்வது கடன்.

தலையெழுத்து என்பது நமக்குரிய சொல்லன்று; எழுதுபவன் ஒருவனை நம் ஆகமங்கள் ஒப்பவில்லை. எண்வினைகளுள் ஒன்றான ஆயுஷ்ய வினையே ஓர் உயிர் ஓர் உடலில் தங்கும் காலத்தை வரையறுக்கிறது. அவ்வரையறை எவராலும் எதனாலும் குறைக்க முடியாததா? இவ்வினாவுக்கு உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாய இறுதியில் விடை தந்துள்ளார். உபபாதப் பிறவியினரான தேவரும் நரகரும், இறுதி உடல் தாங்கிய சரமோத்தம தேகத்தாரும், எண்ணிலா ஆண்டு ஆயுள் கொண்ட போகபூமியினரும் ஆகிய இவர்தம் ஆயுள் இடையில் குறையாது என்பது அச்சூத்திரத்தின் கருத்து. திண்டிவனம் நெடுஞ்சாலையில் காரில் செல்லும் நாம் இம்மூவருள் எவருமல்லோம். நம் போன்ற கர்மபூமி மானிடர் ஆயுள் புறக்காரணங்களால் குறையக்கூடியது என்பதே அதனால் பெறப்படும் பொருள்.

உரைகாரர்கள் இதனை ஐயமற விளக்கியுள்ளனர். மாங்காய் மரத்திலேயே தன் காலத்தில் பழுப்பதும் உண்டு. உபாயத்தால் அக்காலத்திற்கு முன்னரே பழுக்க வைப்பதும் உண்டு. ஆயுஷ்யமும் அவ்வாறே காலத்திற்கு முன் பயன் கொடுத்து முடியலாம் என்று அகளங்க தேவர் ராஜவார்த்திகத்தில் காட்டுகிறார். அகால மரணமே இல்லையாயின் மருத்துவ நூல் வீணாகும் என்பதும் அவர் வாதம். நோய்க்கு மருந்துண்ணும் பெரியவர், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வேளை தவறாது மாத்திரை விழுங்கும் பெரியவர், காரில் ஏறியதும் ஆயுள் மீது பாரத்தைப் போடுவது எங்ஙனம் பொருந்தும்?

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தின் கர்ம காண்டத்தில் ஆயுள் அறுபடும் காரணங்களை வகைப்படுத்துகிறார்: நஞ்சு, கடும் வேதனை, குருதி இழப்பு, அச்சம், படைக்கலத்தால் அடிபடுதல், மனக்கலக்கம், மூச்சும் உணவும் தடைப்படுதல். சாலை விபத்துக்கு உள்ளானவரைப் பற்றி மருத்துவமனையில் எழுதும் குறிப்போடு இதனை ஒப்பிட்டால், வேதனையும் குருதி இழப்பும் மூச்சுத் தடையும் அதில் இருக்கக் காணலாம். இவ்வகை இறப்புக்கு ஆகமம் வைத்த பெயர் கதலீகாதம். வாழையை வெட்டிச் சாய்த்தல் போன்றது என்பது பொருள்.

அந்நூலிலேயே உடல் நீங்கும் முறை மூன்றாகச் சொல்லப்படுகிறது. ஆயுள் முற்றித் தானே கழல்வது சியுதம். கதலீகாதத்தால் கழற்றப்படுவது சியாவிதம். சந்நியாச முறையில் விரதத்தோடு தானே துறப்பது தியக்தம். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்தால், உடல் நிலையற்றது, அதனை ஏன் இவ்வளவு பேண வேண்டும் என்னும் கேள்விக்கும் விடை கிடைக்கும். சல்லேகனையை ஆசாரியர்கள் தீர்க்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றுக்கே விதித்தனர். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதனை ஒட்டி எழுந்த நம் அருங்கலச்செப்பும் கற்றோர் இதனை அறிவர். பட்டை அணிதல் என்னும் தீர்வு கைக்கெட்டும் தொலைவில் தொங்கும்போது, அதனைத் தீர்க்க இயலாத இடையூறு என்று எவ்வாறு கூறுவது? மேலும், விபத்தில் இறப்பவர்க்குப் பஞ்ச நமஸ்காரம் ஓதவும், பிறரிடம் பொறுத்தருள வேண்டவும், கஷாயங்களை அடக்கவும் ஒரு கணமும் கிட்டுவதில்லை. தியக்த மரணத்தை விரும்பும் சிராவகர் சியாவிதத்துக்கு வாயில் திறந்து வைப்பது முரணாகும்.

கேவல ஞானத்தில் எல்லாம் முன்பே தெரிகின்றனவே, பின் நம் முயற்சி எதற்கு என்று நுணுக்கமாகக் கேட்போரும் உண்டு. அறிதல் வேறு, நிகழ்வித்தல் வேறு. கேவலி அறிவதில் நம் இறுதி நாள் அடங்கும் எனில், அன்று நாம் பட்டையைப் பூட்டினோமா இல்லையா என்பதும் அடங்கும். அவர் ஞானத்தில் இருப்பது இன்னதென அறியாத நாம் அதனைச் சாக்காகக் கொள்ள வழியில்லை.

இதுகாறும் தன்னுயிர் பற்றிப் பேசினோம். பட்டை அணியாமை பிறவுயிர்க்குச் செய்வது யாது? மோதலில் கார் அரை மீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நிகழ்ந்தால், உள்ளிருக்கும் உடல் தன் எடையைப் போல் இருபது மடங்கு விசையைத் தாங்க நேரும். பின்னிருக்கையில் பட்டையின்றி அமர்ந்த அறுபது கிலோ எடையுள்ளவர், ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு முன்னிருக்கையின் முதுகில் மோதுவார். அங்கே அமர்ந்திருப்பவர் வண்டி ஓட்டும் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்று, பின்னிருப்பவர் பட்டை அணியாதபோது, பட்டை அணிந்த முன்னிருப்பவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று கண்டது. முன்னவர் தம் கடமையைச் செய்திருந்தும் பின்னவரால் மாய்கிறார்.

2022 செப்டம்பர் 4ஆம் நாள் மகாராட்டிரத்தின் பால்கர் அருகே, டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் சூரியா ஆற்றுப் பாலத்தில் மோதியது. முன்னிருக்கையினர் இருவரும் பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தனர். பின்னிருக்கையினர் இருவரும் இறந்தனர். பின்னிருந்தோர் பட்டை அணியவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. விலையுயர்ந்த வண்டியும் அகன்ற சாலையும் அவர்களைக் காக்கவில்லை.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. இன்றைய பேச்சில் பிரமாதம் என்றால் மிக நன்று என்று பொருள். ஆகமத்தில் அதற்குச் சோர்வு, கவனமின்மை என்பதே பொருள். இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது உமாஸ்வாமி இப்பிரமாதத்தையே முன்வைத்தார். பிரமாதமுடையவன் செயலால் பிறவுயிர் இறப்பினும் இறவாவிடினும் இம்சை முன்னரே நிகழ்ந்துவிட்டது, அவன் முதலில் கெடுப்பது தன்னையே என்று அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் வற்புறுத்துகிறார். முனிவர் நான்கு முழ நிலம் முன்னோக்கிப் பார்த்து நடக்கிறார். அமருமிடத்தை மயிற்பீலியால் நீவுகிறார். வாகனம் ஏறாத அவர்க்கு அத்துணைக் கவனம் விதிக்கப்பட்டிருக்க, வாகனத்தில் விரையும் இல்லறத்தார்க்குக் கவனம் வேண்டா என்பது எந்நூலிலும் இல்லை.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மேலே கண்ட கணக்கின்படி பத்துக் கிலோ குழந்தை மோதும் கணத்தில் இருநூறு கிலோவாகும். எந்தத் தாயின் கரமும் அதனைத் தாங்காது. தாயும் சேயும் ஒரே பட்டைக்குள் அமர்வது இன்னும் கேடு; தாயின் உடலே குழந்தையை நசுக்கும். பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்குப் பட்டையோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. கருவுற்ற மகளிர் இடுப்புப் பட்டையை வயிற்றின் மீது படாமல் அதன் கீழே, இடுப்பெலும்பின் மீது தாழ்த்திப் பூட்ட வேண்டும். தோள்பட்டை மார்பின் நடுவே சென்று வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். கழுத்தில் உராய்கிறது என்று பட்டையை அக்குளின் கீழே விடுவோர் உளர். மோதலில் அது விலா எலும்பை முறிக்கும். முன்னிருக்கையாயின் பல வண்டிகளில் தோள்பட்டையின் உயரத்தைத் தாழ்த்த வசதி உண்டு. புடவை அணிந்தோர் முந்தானையை முன்னே கொணர்ந்து சுருட்டலின்றிப் பரப்பிவிட்டு அதன் மேல் பூட்டினால் கசங்கலும் குறையும்.

யாத்திரைக்கு வாடகைக் கார் பேசும்போது கட்டணத்தோடு இன்னொன்றையும் கேட்டறிக. பல வண்டிகளில் இருக்கைக்கு உறை தைத்துப் போடும்போது பின்னிருக்கைக் கொக்கிகளை உறையின் அடியில் புதைத்துவிடுகின்றனர். புறப்படும் காலையில் பட்டை தொங்கும், மாட்ட இடமிராது. முதல் நாள் மாலையே ஓட்டுநரிடம் சொல்லி அவற்றை மேலே எடுத்து வைக்கச் செய்தல் வேண்டும்.