சிங்கங்களைத் தாக்கும் வைரஸ்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரத்தின் பழம்பெயர் பெரும்பற்றப்புலியூர். நம் ஊர்ப் பெயர்களிலேயே புலி வாழ்கிறது. ஆனால் காட்டில் வாழும் புலி, சிங்கங்களுக்கு வேடரோடு வைரஸும் பகை.

நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ 1000 சிங்கங்களைக் கொன்றது. ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டுமே. 2018-இல் அங்குள்ள கிர் காட்டிலும் இந்நோய் பரவியது. சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன.

2021-இல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சில சிங்கங்கள் உண்ணாமல் இருமின. பராமரிப்போர் அதைக் கவனித்ததால், 11 சிங்கங்களின் மாதிரிகள் போபால் ஆய்வகத்திற்குச் சென்றன. 9 சிங்கங்களுக்குக் கொரோனா! நீலா என்னும் பெண் சிங்கம் இறந்தது. மற்றவற்றுக்குச் சிகிச்சை தொடர்ந்தது.

கூர்ந்து கவனித்தலும் உடனே சோதித்தலுமே முதல் மருந்து. காட்டோரக் கிராமங்களில் நாய்களுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டால் காட்டரசனும் பிழைப்பான். இறைவன் படைத்த உயிர்களை நாம் காப்போம்!