கறுத்தால்தான் சவ்வு

கேள்வி: என் மகள் உயிர் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். இரவு போன் செய்தால் "இன்னிக்கும் சவ்வு கிழிஞ்சு போச்சும்மா" என்பதுதான் பேச்சு. அயனி வாய்க்கால், பயோசென்சர் என்கிறாள். விளக்கச் சொன்னால் அலுத்துக்கொள்கிறாள். அப்படி என்னதான் செய்கிறாள், அது ஏன் தினமும் கிழிகிறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் செய்வது கொழுப்பாலான ஒரு திரை. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். தலைமுடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கிழியாமல் இருந்தால்தான் அதிசயம்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் இதுதான். லிப்பிட் என்னும் இந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்கு ஆகாது. தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே காட்டி, இரண்டு அடுக்காகத் தாமே நின்றுகொள்ளும்.

1962-இல் பிலடெல்பியாவில் பால் முல்லர், டொனால்ட் ரூடின் குழுவினர் செல்லே இல்லாமல் இதைச் செய்துகாட்டினார்கள். உப்புத் தண்ணீர் நிரம்பிய இரண்டு அறைகள், நடுவில் தடுப்பு, தடுப்பில் ஒரு சிறு துளை. மாட்டு மூளையிலிருந்து எடுத்த கொழுப்பைத் தூரிகையால் துளைமேல் தடவினார்கள். இன்றைக்கும் பல ஆய்வுக்கூடங்களில் அதே தூரிகைதான்! தடவியதும் சோப்புக் குமிழியில் தெரிவதுபோல வண்ணங்கள் ஓடும். பிறகு ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி விழும், பரவும், துளை முழுக்க இருண்டுவிடும். படலம் அத்தனை மெலிந்துபோனால் அதன் முன்பக்கமும் பின்பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தக் கறுப்பைப் பார்த்த பிறகுதான் உங்கள் மகளுக்கு மூச்சு வரும்.

கிழிவதற்குக் கதவை யாராவது படாரென்று சாத்தினாலே போதும். இதற்கு நடுவில் மின்னழுத்தம் வேறு கொடுப்பார்கள். 0.1 வோல்ட்தானே என்று தோன்றும். 5 நானோமீட்டருக்கு அது எவ்வளவு தெரியுமா? சென்டிமீட்டருக்கு 2 லட்சம் வோல்ட். காற்றாக இருந்தால் 30,000 வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும். தாங்கும்வரை சவ்வைப் பாராட்ட வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? நல்ல சவ்வு அயனிகளை, அதாவது மின்னேற்றத் துகள்களை, ஏறக்குறைய உள்ளே விடாது. அதனால் ஒரே ஒரு ஓட்டை விழுந்தாலும் தெரிந்துவிடும். மண் பாக்டீரியா தரும் கிராமிசிடின் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வின் மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் ஒன்று மிதக்கும். இரண்டும் நேருக்கு நேர் வந்து ஒட்டினால் வாய்க்கால் திறக்கும். நொடிக்கு ஒரு கோடி அயனிகள் வரை பாயும். அதுவே ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான். கணினித் திரையில் கோடு சட்டென்று ஒரு படி ஏறும், பிரிந்ததும் இறங்கும். ஒற்றை மூலக்கூறு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மின்விசிறி, டியூப்லைட்டின் மின் இரைச்சலே இதை மூழ்கடித்துவிடும் என்பதால் கருவியை உலோகக் கூண்டுக்குள் வைப்பார்கள்.

இந்தப் படியை வைத்துத்தான் பயோசென்சர். (வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியும் பயோசென்சர்தான்; ஆனால் அதில் நொதிதான் வேலை செய்கிறது, இந்தச் சவ்வு இல்லை.) 1997-இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் கார்னெல் குழுவினர் சவ்வைத் தங்கத்தில் கட்டிப்போட்டார்கள். கிராமிசிடினின் கீழ்ப் பாதியும் அசையாது. மேல் பாதியில் ஆன்டிபாடி. தேடும் பொருள் வந்து ஒட்டினால் மேல் பாதி தள்ளிப்போய்ச் சிக்கிக்கொள்ளும், இணை பிரியும், மின்னோட்டம் குறையும்.

அடுத்தது டி.என்.ஏ. வாசிப்பு. சவ்வில் பதித்த புரதத் துளைக்குள் இழை நுழையும்போது மின்னோட்டம் எழுத்துக்கு எழுத்து மாறும். அப்படி வந்த உள்ளங்கை அளவு மினியான் கருவியை 2015-இல் கினியாவுக்குக் கொண்டுபோய் எபோலா வைரஸின் மரபணுத் தொகுப்பை அங்கேயே வாசித்தார்கள். அதில் இருப்பது லிப்பிட் சவ்வு அல்ல, செயற்கைப் பாலிமர். மகளின் கவலை அவர்களுக்கும் இருந்திருக்கும்.

இன்று இரவு பேசும்போது, "கறுத்துச்சா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.