ஷிப்டுக்கு நடுவே ஒரு சதுரங்க ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கு செஸ் என்றால் போனில் ஆடும் ஆட்டம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம், கேன்டீன் வரிசையில், ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத நேரத்தில் முகம் தெரியாத ஒருவரோடு பத்து நிமிடம். அதே ஆட்டத்தை நிஜக் காய்களோடு, நூற்றுக்கணக்கானவர்கள் கூடும் அரங்கில், ரூம் மேட்டுகளையும் கூட்டிக்கொண்டு போய் ஆட முடியும். ஓப்பன் செஸ் போட்டிகள் அதற்காகவே இருக்கின்றன. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். ரேட்டிங்கோ பட்டமோ தேவையில்லை.

இந்த ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டைவிட நல்ல மண் இந்தியாவில் இல்லை. தமிழ்நாடு மாநில சதுரங்கக் கழகம் 1947இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோனும் முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்தும் இங்கிருந்து எழுந்தவர்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்தது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம்தான். அந்த ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

எந்தப் போட்டியைத் தேர்ந்தெடுப்பது

முதல் முறைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடியும் ரேபிட் போட்டிதான் சரி. கிளாசிக்கல் போட்டி பல நாள் இழுக்கும்; ஒரு ஆட்டமே மூன்று, நான்கு மணி நேரம் போகலாம். வாராந்திர விடுமுறை ஒரு நாள்தான் என்பவர்களுக்கு அது ஒத்துவராது. ரேபிட்டில் ‘10+5’ என்று போட்டிருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடி கூடுதல் என்று பொருள். அறுபது நகர்த்தல் ஓடும் ஆட்டம்கூட அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போட்டிக்கான அறிவிப்பை ‘பிராஸ்பெக்டஸ்’ என்பார்கள். அதில் ஆறு விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை ரவுண்ட், நேர அளவு, பதிவுக்குக் கடைசி நாள், காலையில் வந்து சேரவேண்டிய நேரம், தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் பொறுப்பார்கள், மதியச் சாப்பாடு உண்டா. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்குக்குக் கணக்காகும் ‘ஃபிடே ரேட்டட்’ போட்டி என்று இருந்தால் அகில இந்திய செஸ் சம்மேளனத்தில் பதிவும் ஃபிடே எண்ணும் வேண்டும். கடைசி நாளில் பரபரக்காமல் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ரேட்டிங் இல்லாத உள்ளூர் போட்டிகளுக்குப் பெரும்பாலும் பெயரும் கட்டணமும் போதும்.

நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே ஞாயிறு ஓய்வாக அமைகிறதா என்பதை ஷிப்ட் சார்ட் வந்த அன்றே பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போட்டிக்குப் போவதைத் தவிர்ப்பது நல்லது. மூன்றாவது ரவுண்டிலேயே கண் சொக்கும்.

போய்ச் சேரும் வழி

போட்டிகள் பள்ளி, கல்லூரி, கல்யாண மண்டபம் என்று எங்கும் நடக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் இல்லை. பூந்தமல்லி வழியாக பஸ்தான். ஒரகடத்தில் இருப்பவர்கள் படப்பை வழியாக வண்டலூர், தாம்பரம் போகலாம். சென்னை சென்ட்ரல் பக்கம் அரங்கம் என்றால் சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்குவது எளிது. ஞாயிறு அட்டவணையில் ரயில்கள் குறைவு என்பதால் முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வசதியோடு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது போன்ற மகளிர் விடுதிகளில் இருக்கும் தோழிகள், திரும்பிவரும் நேரத்தை வார்டனிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. பரிசளிப்பு இழுத்துக்கொண்டே போகும்.

யாரோடு மோதுவீர்கள்

தோற்றால் வெளியேற வேண்டியதில்லை என்பதுதான் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. 1895இல் சூரிச்சில் முதன்முதலாகப் பயன்பட்ட ‘சுவிஸ்’ முறையில்தான் இந்தப் போட்டிகள் நடக்கின்றன. எல்லோரும் எல்லா ரவுண்டும் ஆடலாம். சம புள்ளி எடுத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். ஒரே ஆளோடு இரண்டு முறை ஆட்டம் வராது.

முதல் ரவுண்டில் ரேட்டிங் வரிசைப் பட்டியலின் மேல் பாதியும் கீழ் பாதியும் மோதும். 200 பேர் இருந்தால் முதல் இடத்தில் இருப்பவருக்கு 101வது ஆள். ரேட்டிங் இல்லாத நீங்கள் 150வது இடத்தில் இருந்தால் எதிரே 50வது ஆள் உட்காருவார். அங்கே தோற்பதில் வியப்பில்லை. மூன்றாவது, நான்காவது ரவுண்டுக்குள் உங்கள் பலத்துக்கு ஒத்தவர்களிடம் வந்து சேர்ந்துவிடுவீர்கள். அதன் பிறகு வரும் ஆட்டங்கள்தான் அந்த நாளின் சுவை.

எதிரே வருபவர் ஒன்பது வயதுச் சிறுமியாக இருக்கலாம். கால் தரையைத் தொடாமல் ஊசலாடும். குழந்தைதானே என்று விளையாட்டாக ஆடாதீர்கள். குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான். இன்னொன்று, ஒரே அறையில் தங்கும் இருவரை நண்பர்கள் என்பதற்காகப் ‘பேரிங்’ (யாரோடு யார் என்ற ஜோடிப் பட்டியல்) பிரித்து வைக்காது. எதிரெதிரே உட்கார நேர்ந்தால் முழு ஆட்டமும் ஆடிவிடுவதுதான் மற்றவர்களுக்கும் நியாயம்.

போன் பழக்கத்தைக் கழற்றுங்கள்

திரையில் தவறான நகர்த்தலைப் போன் தடுத்துவிடும். கடிகாரம் தானாக ஓடும். அரங்கில் இரண்டுமே உங்கள் பொறுப்பு. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். கட்டத்தின் நடுவில் சரியாக வைக்க மட்டும் தொடுவதானால், முன்கூட்டியே ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லிவிட வேண்டும். காயை நகர்த்திய அதே கையால் கிளாக்கை அழுத்துங்கள். கேஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொடுங்கள். யானையைத் தொட்டுவிட்டால் யானையை மட்டும்தான் நகர்த்த முடியும்.

விதிக்கு மாறான நகர்த்தலோடு கிளாக்கை அழுத்தினால் முதல் முறை எதிராளிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். இரண்டாவது முறை ஆட்டமே போய்விடும். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டும்போது கையருகே ராணி இல்லையா? கிளாக்கை நிறுத்திவிட்டு நடுவரிடம் கேட்டு வாங்குங்கள். யானையைக் கவிழ்த்து வைத்தால் அது யானையாகவே கணக்காகும். எந்தத் தகராறு என்றாலும் எதிராளியோடு வாதாட வேண்டாம். கிளாக்கை நிறுத்திக் கையைத் தூக்குங்கள்.

போனும் ஸ்மார்ட் வாட்ச்சும் ஆட்ட அறைக்குள் தடை. உங்களிடம் போன் இருப்பது தெரிந்தாலே ஆட்டத்தை இழக்க நேரிடும். குழுவில் ஆடாத ஒருவர் வந்தால் எல்லோருடைய போனையும் அவரிடம் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் எங்கே வைப்பது என்று நடுவரிடம் முதலிலேயே கேளுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் அறையில் நிஜ போர்டு வைத்து, போனில் செஸ் கிளாக் ஆப் போட்டு தினம் இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள், கை பழகிவிடும்.

ரவுண்டுகளுக்கு நடுவே

சீக்கிரம் முடித்தவர்களுக்குக் காத்திருப்பு நீளம். சுருட்டி வைக்கும் போர்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தோற்ற ஆட்டத்தை அரங்குக்கு வெளியே நண்பர்களோடு மறுபடி ஆடிப் பார்ப்பதில் கற்பது ஏராளம். எதிராளியையும் கூப்பிட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாக வந்து உட்காருவார். உள்ளே மட்டும் நண்பரின் பலகைக்குப் பின்னால் நின்று முகபாவம்கூடக் காட்டக் கூடாது. தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த ரவுண்டில் கண் கட்டும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் முடிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த பேரிங் ஒட்டும்போது பாருங்கள். ஃபிடே ரேட்டட் போட்டி என்றால், ரேட்டிங் உள்ளவர்களுக்கு எதிராக ஐந்து ஆட்டம் சேர்ந்து கணக்கு 1400ஐத் தொட்டால் உங்கள் பெயருக்கு எதிரேயும் ஒரு ரேட்டிங் வரும். புதிய ரேட்டிங் பட்டியல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வெளியாகிறது. கடைசி ரவுண்ட் முடிந்ததும் அடுத்த பிராஸ்பெக்டஸ்கள் ஒட்டியிருக்கும் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு, பூந்தமல்லிக்கோ தாம்பரத்துக்கோ கிளம்புங்கள். காலை ஆறு மணி ஷிப்ட் இருப்பவர்கள் பரிசளிப்புக்கு நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.