சுகாதார நிலையத்தில் ஆட்பலமும் நோயாளியின் மனநிறைவும்

செட்டியார்பட்டியைச் சூழ்ந்த கிராமங்களில் நாம் சுற்றுப்பயணம் செய்யும்போது, ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கும் குறை பெரும்பாலும் மருந்தைப் பற்றியதன்று. “டாக்டர் நின்று பேசவில்லை, இரவில் போனால் ஆளில்லை” என்பதே குறை. இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

காலை 8 மணி முதல் 12 மணி வரை 240 நிமிடங்கள். ஒரே டாக்டரிடம் 120 பேர் வந்தால் தலைக்கு 2 நிமிடமே கிடைக்கும். அதற்குள் நோயைக் கேட்டு, பரிசோதித்து, சீட்டும் எழுத வேண்டும். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்நேரம் வங்காள தேசத்தில் 48 விநாடி என்றும், சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல் என்றும் காணப்பட்டது.

இரவுப் பணியின் கணக்கு இன்னும் கடினமானது. நாளொன்றுக்கு 3 முறை வீதம் வாரத்தில் 21 முறைகள். 3 நர்சுகள் ஆளுக்கு 6 நாள் உழைத்தாலும் 18 முறைகளே நிறைவேறும். ஒருவர் விடுப்பில் சென்றால் 12 தான்! ஆகவே, ஆளில்லாமைக்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. ஒரு நர்சின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றோரிடையே மரண அபாயம் சுமார் 7 சதவிகிதம் மிகுவதாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. (பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி நமக்கு அண்மையில்தான் உள்ளது. துணி இருக்கிறது; கட்டுப்போடத்தான் கைகள் போதவில்லை.)

நர்சுகளை நியமிப்பது அரசின் பொறுப்பு. எனினும் நோயாளியும் வீட்டாரும் சிகிச்சையில் பங்குகொள்வதால் விளையும் நன்மை சிறிதன்று. பிரசவ வேளையில் ஒருவர் இடைவிடாது துணையிருந்த பெண்களிடம், பிரசவத்தைப் பற்றிய மனக்குறை குறைந்திருந்தது என 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளின் தொகுப்பு 2017-ல் தெரிவித்தது. ஆகவே பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணுடன் அனுபவமுள்ள உறவுப்பெண் ஒருவரை அனுப்புக. சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையோர் பழைய சீட்டைக் கையோடு கொண்டுசென்று, மாத்திரை உண்ணும் வேளையைத் தம் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுக. அந்த 2 நிமிடமும் அப்போதுதான் பயன்படும்.

1992-ஆம் ஆண்டின் 73-வது அரசியலமைப்புத் திருத்தம், ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பொருள்களுள் சேர்த்துள்ளது. எனவே கிராம சபையில் “ஆஸ்பத்திரி சரியில்லை” என்று பொதுப்படத் தீர்மானம் எழுதுவதால் பயனில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, சென்ற மாதத்தில் நர்ஸ் இல்லாத இரவுகள் எவை என்று தேதியுடன் குறித்து அனுப்புக. அத்தகைய தீர்மானத்தை எந்த அலுவலகமும் “கவனிக்கப்படும்” என்று ஒருவரியில் திருப்பியனுப்புவது கடினம்.