குழந்தையின் எடை: பெருமையா, அமானிதமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

பிறந்த குழந்தையை ஒட்டி நம் மார்க்கத்தில் ஒரு தராசு வருகிறது. பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்கு அகீகா கொடுத்தபோது, தலைமுடியை மழித்து அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்யும்படி ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (திர்மிதி). அந்தத் தராசு பெருமைக்காக வரவில்லை. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லவும், ஏழைக்குப் பங்கு கொடுக்கவும் வந்தது.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? பேகம்பூராக இருக்கட்டும், நாகல்நகராக இருக்கட்டும், குழந்தை பார்க்க வருகிறவர்களின் முதல் பேச்சே எடைதான். "என்னம்மா, புள்ள இப்படி மெலிஞ்சு கிடக்கு? பால் பத்தலையா?" கேட்டவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். பெற்றவள் இரவெல்லாம் அழுவாள். மறுநாள் பால் பவுடர் டப்பா வீட்டுக்குள் வரும்.

தாயை நோகடிக்காதீர்கள்

அல்பகரா அத்தியாயத்தின் 233வது வசனம் பாலூட்டுவதை முழுமையாக்க நினைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் என்கிறது. தாயின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்கிறது. குழந்தையைக் காரணமாக வைத்துத் தாய்க்குத் துன்பம் தரக்கூடாது என்றும் சொல்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் ஆலோசித்து, மனம் ஒத்துச் செய்யச் சொல்கிறது. "பால் பத்தலை" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வது அந்தத் துன்பத்தில் சேராதா?

பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். ஐந்து, ஆறு மாதத்தில் பிறந்த எடை இரு மடங்காகும், ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு வீட்டு உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கொழுகொழு குழந்தையின் படம் பெற்றோர் மனதை எப்படி அசைக்கும் என்பது அரசுக்கும் தெரியும். 1992ல் வந்த இந்தியச் சட்டம் பால் பவுடர் டப்பாவில் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது என்று தடுத்தது. டப்பாவிலிருந்து எடுத்த அந்தப் படத்தை நாம் மனதில் மாட்டி வைத்திருக்கிறோம்.

அட்டையில் உள்ள கோடு

அப்படியானால் எடையே பார்க்க வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். மெலிந்து, நோய்க்கு ஆளாகும் குழந்தைகள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆனால் பார்க்கும் விதம் வேறு.

1980ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டமும் அதில் இருந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1985ல்தான் தனி மாவட்டமானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்குச் சில மாதம் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவில்லை. அதே பிள்ளையின் போன மாதத்தோடு ஒப்பிட்டார்கள்.

இன்றும் அங்கன்வாடியில் அந்தத் தராசு இருக்கிறது. கோடு சீராக ஏறினால், ஒல்லியாகத் தெரிந்தாலும் அல்ஹம்துலில்லாஹ். கோடு நின்றாலோ, இறங்கினாலோ, உயரத்துக்குப் பொருந்தாமல் எகிறினாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

"எடை போட்டால் கண் பட்டுவிடும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கண்ணேறு உண்மைதான். அதற்காக நபி (ஸல்) அவர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் (புகாரி). நீங்களும் ஓதி ஊதுங்கள், பிறகு தராசில் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

தரையில் விடுங்கள்

பால் கொடுத்தோம், எடை பார்த்தோம். மூன்றாவது ஒன்றை மறந்துவிடுகிறோம். பிள்ளை அசைய வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது கீழே வைத்தார்கள், எழும்போது தூக்கிக்கொண்டார்கள் (புகாரி, முஸ்லிம்). ஸஜ்தாவில் இருந்தபோது பேரர் முதுகில் ஏறிக்கொண்டார். அவசரப்பட்டு இறக்கிவிடாமல் ஸஜ்தாவையே நீட்டினார்கள் (நஸயீ). குழந்தையின் அசைவை அவர்கள் தொந்தரவாக நினைக்கவில்லை.

நாமோ பிள்ளையைத் தூளியிலும் இடுப்பிலும் வைத்திருக்கிறோம். அழுதால் கையில் செல்போன் கொடுக்கிறோம். 2019ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இது: தவழாத குழந்தையை, விழித்திருக்கும் நேரத்தில், நாளெல்லாம் சேர்த்து அரை மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்து விளையாட விடுங்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம். ஒரு வயது தாண்டியதும் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும்.

சில எச்சரிக்கைகள். குப்புறப் போடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கும்போது மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். நடைவண்டி போல உட்கார வைத்துத் தள்ளும் 'வாக்கர்' வேண்டாம். அதில் விபத்துகள் நடப்பதால் கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்தது.

இதற்குப் பணம் வேண்டாம். ஒரு பாய் போதும். மஃரிபுக்குப் பிறகு அத்தாமார்கள் செல்போனை வைத்துவிட்டு அந்தப் பாயில் உட்காருங்கள். பிள்ளை தவழ்ந்து உங்களிடம் வரட்டும்.

அன்பர்களே! ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்). அந்த விசாரணையில் பிள்ளை எத்தனை கிலோ என்பதல்ல கேள்வி. அமானிதத்தை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதே கேள்வி. இனி குழந்தை பார்க்கப் போகும் வீட்டில் "மாஷா அல்லாஹ், பாரகல்லாஹ்" என்று துஆ செய்யுங்கள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அந்தத் தாயைக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை ஆரோக்கியமும் ஈமானும் உள்ளவர்களாக வளர்த்தருள்வாயாக! அவர்களைச் சுமந்த தாய்மார்களுக்கு நிம்மதியைத் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.